லோரிக்குப் பிடித்த தீட்டு

ஒரு லோரியின் பின் சக்கரத்துக்குச் சாதி தெரியுமா? தெரியும் என்று கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் அடித்துச் சொன்னார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?

கன்னையா அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குடும்பம். பதினாறு வயதில் ஓடிப்போய், பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் கரி அள்ளினார். இரும்பு போடும் சத்தத்தை வைத்தே அதன் கோளாறைச் சொல்லப் பழகினார். லோரி ஓட்டும் லைசென்சோடு திரும்பியவரிடம் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை பழைய லோரியை ஒப்படைத்தார்.

ஏழாம் வருடம், 1934. ஆயுத பூஜைக்கு லோரியைக் கழுவி மாலை போட்டார்கள். ஓட்டுகிறவரை மட்டும் கிட்டே விடவில்லை.

"சாமி காரியம். தள்ளி நில்லுடா" என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் தம்புசாமி கிராணி. படையலில் குறை வைக்கலாமா? பின் சக்கரங்களை இணைக்கும் அச்சுக் கூட்டின் மேல் மூடியைத் திறந்து, அதிலும் வாய் வழிய எண்ணெய் ஊற்றச் சொன்னார்.

பத்தே நாளில் லோரியின் பின்பக்கம் உறும ஆரம்பித்தது. அடுத்த வாரம், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வாய்க்காலில் இறங்கியது. யாருக்கும் அடியில்லை.

"எல்லாம் இவன் உட்கார்ந்த தீட்டு" என்ற கிராணி, வேகமாக ஓட்டியதாக ஒப்புக்கொள்ளும் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் வேலையும் லைசென்சும் போய்விடும்.

"ஏழு வருசமா இல்லாத தீட்டு, பூஜைக்கு அப்புறமா வந்துச்சு கிராணியாரே? துரையக் கூப்பிடுங்க."

துரை வந்தார். லயமே கூடியது. கன்னையா பின் அச்சை ஜாக்கியில் தூக்கினார். இடது சக்கரத்தைக் கையால் சுற்றினார், சத்தமில்லை. வலது சக்கரம் கரகரத்தது. அதைக் கழற்றினார். பிரேக் முழுக்க எண்ணெய். பேரிங்கில் இருந்த கிரீஸையும் அது கரைத்துக்கொண்டு போயிருந்தது. பிறகு கூட்டின் பக்கத்துத் திருகைத் திறந்தார். அந்தத் துளை மட்டத்துக்கு மேல் எண்ணெய் நிற்கவே கூடாது; மிஞ்சினால் அச்சு வழியே சக்கரத்துக்குள் வழிந்துவிடும். குபுகுபுவென்று கொட்டியது.

"ஐயோ, லோரிக்கு வயித்துப்போக்கு!" என்றாள் பால்வெட்டும் லெட்சுமி. லயம் சிரித்தது.

"இந்தத் துளை எதுக்குன்னு இந்தத் தோட்டத்துல எனக்கு மட்டுந்தான் தெரியும். என்னைத்தான் தள்ளி நிக்கச் சொன்னீங்க" என்றார் கன்னையா.

துரை தாளைக் கிழித்துவிட்டு, பேரிங் மாற்றியதும் லோரியை எடுக்கச் சொன்னார். கிராணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேரிங் மாற்றியாயிற்று. கன்னையா சாவியைத் தொடவில்லை. "தீட்டுன்னு சொன்னது பொய்னு, சொன்ன வாயாலேயே எல்லார் முன்னாடியும் சொல்லட்டும்."

மூன்று நாள் ரப்பர் ஷீட்டு கொட்டகையிலேயே கிடந்தது. துரை பொறுமையிழந்து கிராணியிடம் கத்தினார். நான்காம் நாள் காலைப் பெரட்டில், வரிசையாக நின்ற தொழிலாளிகள் முன், கிராணி தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"கேக்கல!" என்று லெட்சுமி குரல் கொடுத்தாள். தீட்டு என்றது பொய் என்று கிராணி இரண்டாம் முறை உரக்கச் சொன்னார். கன்னையா சாவியை எடுத்தார்.

உங்கள் தோட்டத்திலும் தீட்டுச் சொல்லி யாரையாவது வேலையிலிருந்து இறக்கியிருப்பார்கள். அவர் பெயரையும், இறக்கியவர் பெயரையும் எழுதி இந்தப் பத்திரிகைக்கு இன்றே அனுப்புங்கள்.