என்னிடம் ஒத்திகை பார்த்த பேராசிரியை

பிலோமினா அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி போன் செய்தபோது, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக ரசம் சாதம் பிசைந்து தூக்கில் வைத்துக்கொண்டிருந்தேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. என்றைக்குத்தான் அவர் என் கை வேலை முடியட்டும் என்று காத்திருந்தார்?

நீங்கள் பல்கலைக்கழகத்தில் அவரிடம் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்கள். நான் காலடிப்பேட்டையில் அவருக்குக் கீழ் வீட்டில் ஒன்பது வருடம் குடியிருந்தவள். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் பேப்பரும் லைப்ரரியுமாக நானே படித்துக்கொண்டது. இந்த நினைவு மலரில் அவர் பெருமையை நீங்கள் எழுதுவீர்கள். அவர் கொடுத்த தொல்லையை நான் எழுதுகிறேன்.

உங்களுக்கு நடத்தப் போகும் பாடத்தை முதல் நாளே என் சமையலறையில் நடத்திப் பார்ப்பது அவர் வழக்கம். நான் குழம்பு கூட்டிக்கொண்டிருப்பேன்; அவர் தரையில் உட்கார்ந்து என் கோலமாவில் சமன்பாடு போடுவார். "கணக்கு உனுக்கு வேணாம் மல்லிகா. கணக்குக்கு முன்னால ஒரு பேச்சு கீது பாரு, அது புரியணும். உனுக்குப் புரியலைன்னா எனக்கே சரியா வெளங்கலைன்னு அர்த்தம்" என்பார். ராயபுரத்தில் மீன்காரர் வீட்டில் பிறந்தவர். குவாண்டமே ஆனாலும் அந்தப் பேச்சில்தான் வரும். புரியவில்லை என்று நான் சொன்னால் மாடிக்குப் போய் முழுதையும் அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதிக்கொண்டு மறுபடி இறங்கி வருவார். அந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வரும்.

ஓர் ஆடி வெள்ளி. படையலுக்கு வடை தட்டிக்கொண்டிருந்தேன். அலமாரியிலிருந்து இரண்டு டம்ளரை எடுத்தார்.

"இந்த ரெண்டு டம்ளரை மேல்தட்டு, கீழ்த்தட்டுல எத்தினி விதமா வைக்கலாம்?"

"நாலு. ரெண்டும் மேல, ரெண்டும் கீழ, இது மேல அது கீழ, அது மேல இது கீழ."

"டம்ளருக்கு நாலு. வெளிச்சத்தோட துகளுக்கு மூணுதான். எது மேல, எது கீழன்னு அங்க பிரிக்க முடியாது."

"நமக்குத்தானேக்கா தெரியாது? அம்மனுக்குத் தெரியாதா, எது எதுன்னு?"

"உங்க அம்மனுக்கும் தெரியாது, எங்க மாதாவுக்கும் தெரியாது."

நல்ல நாளும் அதுவுமாக, படையல் அடுப்பில் இருக்கும்போது பேசுகிற பேச்சா இது? எண்ணெய் வேறு புகைந்தது. ஆளை வெளியே அனுப்பினால் போதும் என்று, "புரிஞ்சிடுச்சுக்கா, நல்லாப் புரிஞ்சிடுச்சு" என்றேன். சந்தோஷமாகப் படியேறிப் போனார்.

பிறகு வகுப்பில் டெஸ்ட் வைத்தார். ஏன் நான்கு இல்லை, மூன்று என்பது கேள்வி. 'நம்மால் அடையாளம் காண முடியாததால்' என்று மொத்த வகுப்பும் எழுதியிருந்தது. எல்லாருக்கும் பூஜ்யம் போட்டார். அதில் வியாசர்பாடிப் பெண் செல்வியும் ஒருத்தி. இந்த டெஸ்டில் தேறாவிட்டால் படிப்பு போதும் என்று அவள் வீட்டில் முன்பே சொல்லியிருந்தார்கள். அவளுடைய அப்பா நேரே மாடிக்கு வந்துவிட்டார். "எக்ஸ்போர்ட் கம்பெனில தைக்க ஆள் கேக்குறாங்கம்மா. திங்கக்கெழமைலேந்து போவட்டும். சர்டிபிகேட் எப்ப குடுப்பீங்க?"

அவர் போனதும் விடைத்தாள் கட்டோடு அக்கா கீழே வந்தார்.

"தெளிவாத்தானே நடத்துனேன்? உனுக்கே புரிஞ்சுதே மல்லிகா!"

சாமி மாடத்துக்கு முன்னால் நின்று கேட்டார். அங்கே இன்னொரு பொய் எப்படி வரும்? "இல்லக்கா. வடை கருகுதேன்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! உன் வடைக்கு என் புள்ளைங்க பட்டினியா?"

மறுநாள் என்னை பஸ் ஏற்றி அழைத்துப்போய் உங்கள் வகுப்பில் நிறுத்தினார். "எங்கிட்ட கேட்டத இவங்க முன்னால கேளு." அம்மனுக்குத் தெரியாதா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து செல்வி எழுந்தாள். "மேடம், எனக்கும் அதே சந்தேகம்தான். இது வேற, அது வேறதானே? கேட்டா சிரிப்பீங்கன்னு கேக்கல." பிறகு ஒவ்வொரு கையாகத் தூக்கினீர்கள்.

"தப்பு என்னுது" என்றார் அக்கா. "தெரியாதுன்னு சொன்னேன் பாரு, அதான் தப்பு. மறைஞ்சிருந்தாத்தான் தெரியாதுன்னு சொல்லணும். இங்க எதுவும் மறைஞ்சில்ல. இதுன்னு ஒண்ணு, அதுன்னு ஒண்ணு இருந்தாத்தானே அம்மன் தெரிஞ்சுக்கறதுக்கு?"

அந்த டெஸ்டை ரத்து செய்து மறுபடி வைத்தார். செல்வி தேறினாள்; அந்த விடைத்தாளை அவரே வியாசர்பாடிக்கு எடுத்துப்போய் அவள் அப்பா கையில் கொடுத்தார். தைக்கப் போவது நின்றது. இன்று அவளும் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். என்னை எழுதச் சொன்னதும் அவள்தான். அவள் படித்துவிட்டாள், மாட்டிக்கொண்டது நான். அதன்பிறகு ஒருநாள்கூட அக்காவிடம் சும்மா தலையாட்டித் தப்பிக்க முடியவில்லை. "நெசமா?" என்று முகத்தையே பார்ப்பார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில், முகத்தில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு ஆரம்பித்தார். "எங்க சமன்பாட்டுல காலம் முன்னாலயும் போவலாம், பின்னாலயும் போவலாம். ஆனா வூட்டுல ஒடைஞ்ச முட்டை ஒட்டிக்குதா?" நர்ஸ் முறைத்தாள். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. விடாமல் ஏதேதோ சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார். அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் ஆமாம் என்றிருப்பார்கள்.

"புரியலக்கா" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "சரி. நாளிக்கு வேற மாதிரி சொல்றேன்."

மறுநாள் காலையில்தான் அந்த போன் வந்தது. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பாதியில் நின்ற அந்தப் பாடம். உங்களில் யாருக்காவது மீதி தெரிந்தால் காலடிப்பேட்டைக்கு வந்து சொல்லிவிட்டுப் போங்கள். புரியும் வரை விடமாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.