அரைக் கட்டை அரைக் கட்டையாக

எனக்கு ஜாஸ் பிடித்துப்போனது இசை ஞானத்தால் அல்ல, எரிச்சலால். காஞ்சிபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் மண்டபத்துக்கு மண்டபம் பாட்டுக் கச்சேரி. பகலில் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை பார்த்துவிட்டு, மாலையில் நான் அந்த மண்டபங்களில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அதே பழைய சினிமாப் பாட்டுகள், அதே வரிசை. "ஒரிஜினல்ல இருக்கிற மாதிரியே வாசிங்க சார்" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார். அப்படியானால் போனிலேயே போட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று வாய்வரை வரும்.

கார்டு என்றால் மூன்று சுரத்தைச் சேர்த்து அழுத்துவது என்று பழகிய கை எனக்கு. போனில், முகத்தைக் காட்டாமல் விரல்களை மட்டும் காட்டுகிற யாரோ ஒருவரின் வீடியோக்களைப் பார்த்து, நாலாவது விரலையும் ஐந்தாவது விரலையும் எங்கே வைப்பது என்று கற்றுக்கொண்டேன். மெட்டை அதிகம் தொடுவதில்லை. அதற்கு அடியில் இருக்கிற கார்டுகளைத்தான் மாற்றுவது. இடது கை நிதானமாக நடந்து போகும். வலது கை தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்து சேரும். ஊருக்கே தெரிந்த காதல் பாட்டை அப்படி வாசித்தால், காதலித்து முடித்துப் பல வருடம் ஆனவர்கள் பாடுவதுபோல் ஆகிவிடும். மண்டபத்தில் யாரும் அதைக் கவனித்ததில்லை. பிரியாணி சூடாக இருக்கும்போது யார் கவனிப்பார்கள்?

கவனித்த ஒரே ஆள் என் மனைவி. அதே குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். சர்ச் கொயரில் பாடி வளர்ந்த குரல். "இன்னாபா, பாட்ட இப்டி அழ வெக்கிற?" என்று மேடையில் முதல்முறை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் பத்துப் பாட்டுக்குக் கார்டு மாற்றினேன்.

அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. எந்தப் பாட்டையும் ஒரிஜினல் ஸ்கேலிலேயே பாடுவாள். ஹார்மோனியத்தின் கட்டையை வைத்துத்தான் குரலின் உயரத்தைச் சொல்வது எங்கள் வழக்கம். உச்சத்துக்குப் போகும் பாட்டு என்றால் மேடையில் பாடும் பல பேர் அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிக்கொள்வார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இவள் இறக்கியதே கிடையாது. ஐந்தரை என்றால் ஐந்தரைதான். மற்ற குழுக்காரர்களும் அவளைப் பற்றிப் பேசும்போது அதைத்தான் சொல்வார்கள்.

எனக்கு அப்படிப்பட்ட பெருமை எதுவும் இல்லை. கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் வாத்தியம் முழுவதும் அரைக் கட்டை ஏறும் அல்லது இறங்கும். விரல்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். என்னைப்போல் தானாகக் கற்றுக்கொண்டவர்கள் பிழைப்பதே அந்தப் பட்டனால்தான். பாடுகிறவர் எந்தக் கட்டையில் பாடினாலும் நான் வாசித்தது ஒன்றாம் கட்டையில்தான். ஜாஸ் கார்டுகளையும் அந்த ஒன்றில் மட்டுமே கற்றுவைத்திருந்தேன்.

பிறகு அவளுக்கு தைராய்டு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது. குரல் நரம்பு அந்த இடத்தை ஒட்டியே போகிறது, கொஞ்சம் மாற்றம் வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பேச்சில் ஒன்றும் தெரியவில்லை. சில மாதம் கழித்து வீட்டில் மெதுவாகப் பாடிப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. மேலே போகும் இடத்தில் குரல் நின்று நின்று போனது. தொண்டையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. தண்ணீர் எடுத்துவர அவள் உள்ளே போனாள். பட்டனை ஒருமுறை அழுத்தினேன்.

திரும்பி வந்து பாடினாள். வரி முழுதாக வந்தது. "எறக்கிட்டியாபா?" என்று கேட்டாள்.

"இல்லமா. அதே ஸ்கேல்தான்."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு உண்மை பேச எவனுக்கு மனம் வரும்? எனக்கு வரவில்லை. அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

பெரிய குழுவில் இதை மறைக்க முடியாது. கிடாரும் புல்லாங்குழலும் சேர்ந்து இறங்கியாக வேண்டும். அதனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடத்தும் கச்சேரி என்று பிரிந்து வந்தோம். கார்டுகள் மாறியிருப்பதால் பாட்டு ஏற்கெனவே வேறு மாதிரி கேட்கும். கட்டை இறங்கியது அதற்குள் அமுங்கிவிடும். தனியாகச் சுருதி வைத்துப் பாடிப் பார்க்க அவளுக்குப் பயம். சர்ச் கொயரில் கூட்டத்தோடு பாடுவதைத் தவிர, என்னோடு மட்டும்தான் பாடினாள். நான் அரைக் கட்டை அரைக் கட்டையாக இறக்கினேன். கடைசியில் ஐந்தரையில் இருந்தவள் நாலில் வந்து நின்றாள். அவளுக்குத் தெரியாது. சொல்லப்போனால் நாலில் அவள் குரலில் முன்பு இல்லாத ஒரு கனம் வந்திருந்தது. என் கார்டுகளுக்கு அதுதான் பொருத்தம். இதையும் அவளிடம் சொல்ல வழியில்லை.

ஐயம்பேட்டையில் ஒரு ரிசப்ஷனில் எங்களைக் கேட்ட ஒருவர், ஹைவே பக்கம் புதிதாகத் திறந்த ஹோட்டலில் மேனேஜர். பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கும் இடம். சாப்பாட்டு ஹாலில் நிஜமான பியானோ ஒன்று வாசிக்க ஆளில்லாமல், மேலே பூ ஜாடியைச் சுமந்துகொண்டு நின்றது. சனிக்கிழமை சாயந்திரங்களில் வரச் சொன்னார். என் மனைவிக்கு அன்று முழுவதும் கால் தரையில் இல்லை. "குத்துப் பாட்டு கேக்க மாட்டாங்கல்ல? பொறுமையா பாடலாம்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பியானோவில் ட்ரான்ஸ்போஸ் பட்டன் கிடையாது.

மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, கம்பெனியிலிருந்து வரும் வழியில் அங்கே இறங்கி, சர்வர்கள் மேஜை துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நாலாம் கட்டையில் வாசித்துப் பழகினேன். இத்தனை வருடம் ஒரே இடத்தில் சுகமாக இருந்த விரல்கள் எங்கே போவது என்று தெரியாமல் விழித்தன. ஆறேழு பாட்டு எப்படியோ உருப்படியாக வந்தது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒன்றை யோசிக்கவில்லை. மண்டப மேடையில் அவள் எனக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்பாள். இங்கே பியானோ சுவரோரம் இருந்தது. பாடுகிறவர் பக்கத்தில் நின்றால் என் கைகள்தான் கண்ணில் படும்.

முதல் சனிக்கிழமை. முன்னிசையைத் தொடங்கினேன். அவள் பார்வை என் இடது கைக்கு வந்தது. அங்கேயே நின்றது. ஐந்தரை என்பது கறுப்புக் கட்டை. பாடுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என் விரல் வெள்ளையில் இருந்தது.

குனிந்து, "இன்னாபா, வெள்ளையில வெச்சிக்கினு இருக்க?" என்று கேட்டாள்.

"ஜாஸ்ல அப்டித்தாம்மா ஆரம்பிக்கும்."

அவள் நிமிர்ந்து பாடினாள். அவ்வளவு நன்றாக அவள் பாடி நான் கேட்டதில்லை. பட்டுக்கடைப் பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டவர்கள் யாரும் நிமிரவில்லை. பாட்டு முடிந்ததும் அவள் கையை நீட்டி, ஐந்தரைக் கறுப்புக் கட்டையைத் தானே ஒருமுறை அழுத்தினாள். அதோடு சேர்த்து முனகிப் பார்த்தாள்.

"இதுலேருந்து வாசி."

"எனக்கு அதுல வராதும்மா."

அது சத்தியமான உண்மை. அந்தக் கட்டையில் என் விரல்களுக்கு ஒன்றுமே தெரியாது. அவள் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டாள். எனக்காகக் காத்திருக்காமல், அந்தக் கறுப்புக் கட்டையின் சுருதியிலேயே அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டாள். பல்லவி வந்தது. நான் அவள் பின்னால் தடவிக்கொண்டு போய், கறுப்பும் வெள்ளையுமாகத் தப்புத் தப்பாக அழுத்திக்கொண்டிருந்தேன். சரணத்தில் மேலே போகிற வரியில் அவள் வாய் திறந்திருந்தது. வெறும் காற்று வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் காற்று.

மைக்கை பியானோவின் மேல் வைத்துவிட்டு, பக்கத்து மேஜையில் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். வேறு வழி தெரியாமல் எனக்குப் பழகிய ஒன்றாம் கட்டைக்கு ஓடி, அந்தப் பாட்டையே தனியாக வாசித்து முடித்தேன். கை தட்டினார்கள். அன்று மாலை கேட்ட முதல் கைதட்டல் அது. மேனேஜர் வந்து, "பியானோ மட்டுமே நல்லா இருக்குது சார். அடுத்த வாரம் அப்டியே பண்ணலாம்" என்றார். என் மனைவிக்குக் கேட்கும் தூரத்தில்தான் நின்று சொன்னார்.

பைக்கில் செவிலிமேட்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு சிக்னலில் கேட்டாள்.

"எவ்ளோ எறக்கியிருக்க?"

"ஒன்றரை."

"ஒரே தபாவா?"

"இல்ல. கொஞ்சம் கொஞ்சமா."

சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்தது. என் தோளில் இருந்த கையை எடுத்து, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் நல்லா பாடறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்பா" என்றாள்.

நாலில் நீ முன்பைவிட நன்றாகப் பாடுகிறாய் என்று அன்று இரவும் சொன்னேன், பிறகும் சொன்னேன். உண்மை அதுதான். ஒரு பொய்யை அவ்வளவு நாள் காப்பாற்றியவன் சொல்கிற உண்மைக்கு என்ன மரியாதை? அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். என்னிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சர்ச்சில் இப்போது கொயரில் நிற்பதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, பாட்டு நேரத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமை தோறும் நான் போகிறேன். அவள்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுக்கிறாள். வீட்டில் புதுப் பாட்டுக்குக் கார்டு போட்டுப் பார்க்கும்போது மட்டும், "ஹெட்போன் போட்டுக்கோயேன்பா, தல வலிக்குது" என்று முதலில் ஒருநாள் சொன்னாள். அதன் பிறகு நானே போட்டுக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்து, ஹெட்போனைக் கழற்றாமல், அடுத்தது என்ன என்று யோசித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் போன் அடித்தது. கச்சேரிக்காக அடித்திருந்த பழைய விசிட்டிங் கார்டில் அவள் நம்பரைப் பார்த்துக் கல்யாண வீட்டுக்காரர்கள் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்காது என்று நினைத்து, சமையலறை வாசலிலேயே நின்று பேசினாள்.

"இல்லீங்க, அவங்க இப்ப பாடறதில்ல." கொஞ்சம் கேட்டுக்கொண்டாள். "ஆமாங்க, நல்லாத்தான் பாடுவாங்க. நானும் கேட்டிருக்கறேன்."

போனை வைத்தாள். நான் ஹெட்போனைக் கழற்றி, யாரும்மா என்று கேட்டேன்.

"ராங் நம்பர்பா" என்றாள்.