துத்தநாகத்தைப் பிடுங்கிய பஃபர்

"கழுவறதுலதான் ஏதோ கோளாறு இருக்கு" என்று புரொஃபசர் சொன்னபோது நான் சிங்க் ஓரமாக நின்று டியூப்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவர் கவிதாவைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அந்த லேபில் கழுவுகிற ஆள் நான் ஒருவன்தான்.

மைசூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அட்டெண்டராக இருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பாத்திரம் கழுவுவது, பஃபர் என்கிற உப்புக் கரைசலைக் கலக்குவது, ஜெல் ஊற்றும் கண்ணாடித் தட்டுகளைப் பூட்டுவது என் வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அன்றைக்கும் வரவில்லை.

கவிதா ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண், பிஎச்.டி. மாணவி. ஹார்மோன் வந்து ஒட்டியதும் டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து ஜீன்களை வேலை செய்யவைக்கும் ஒரு புரதத்தைத்தான் அவர் ஆராய்ந்தார். ரிசப்டர் என்பார்கள். அது உட்கார்ந்ததா என்று கூழ் மாதிரியான ஜெல்லில் கரண்ட் பாய்ச்சி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். டிஎன்ஏ தனியாக ஓடினால் வேகமாகக் கீழே போய்விடும். புரதம் பிடித்திருந்தால் பாரம் கூடி மெதுவாக ஓடும், பேண்டு என்கிற கோடு மேலேயே நின்றுவிடும். கவிதாவின் ஜெல்லில் எல்லாம் கீழேதான் கிடந்தது. பல மாதங்களாக அப்படித்தான்.

"அடுத்த மீட்டிங்குக்குள்ள ஒரு பேண்டாவது மேல நிக்கணும்மா. இல்லேன்னா இந்த ரிசப்டரை மூட்டை கட்டிட்டு வேற டாபிக் எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார் புரொஃபசர். வேறு டாபிக் என்றால் அதுவரை செய்த அத்தனையும் வீண்.

கவிதா என்னிடம் வந்தார். "மாதேசண்ணா, நாளைக்கு நீங்க வேலை செய்யறப்ப பக்கத்துல நிக்கறேன்."

"சரிங்க மேடம்."

"மேடம்னா நான் திரும்பியே பார்க்கமாட்டேன். ஊர்ல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அம்மிணி."

"அதுக்கு எதுக்குங்ணா இத்தனை வெக்கம்?"

மறுநாள் அவர் பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கை கூசியது. டியூப் கழுவினேன், அவர் குறை சொல்லவில்லை. பிறகு டயாலிசிஸ் பஃபர் கலக்கினேன். புரதத்தைச் சல்லடை போன்ற பையில் கட்டி இந்தப் பஃபரில் ஊறவிடுவோம். வேண்டாத உப்பெல்லாம் வெளியேறிவிடும். வாளியில் தண்ணீர், டிரிஸ் பொடி, உப்பு போட்டுவிட்டு இடிடிஏ பாட்டிலைச் சாய்த்தேன்.

"நிறுத்துங்ணா!"

என் கை அப்படியே நின்றது.

"இதுலயும் இடிடிஏ போடறீங்களா?"

"இங்க எல்லாத்துலயும் போடறதுதானுங்க அம்மிணி."

எங்கள் லேபில் பல காலமாக டிஎன்ஏ வேலை மட்டும்தான். இடிடிஏ உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். டிஎன்ஏவை வெட்டும் நொதிக்கு உலோகம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் டிஎன்ஏ பத்திரமாக இருக்கும். அதனால் எந்தப் பஃபராக இருந்தாலும் இடிடிஏ போடச் சொல்லியிருந்தார் புரொஃபசர். நானும் தாராளமாகவே ஊற்றிவந்தேன்.

கவிதா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "என்ர ரிசப்டருக்கு ரெண்டு மடிப்பு இருக்குங்ணா. விரல்னு சொல்லுவோம். ஒவ்வொரு விரலுக்குள்ளயும் ஒரு துத்தநாகம் இருந்து மடிப்பை இறுக்கிப் பிடிச்சிருக்கும். அப்பத்தான் விரல் விரலா இருக்கும். ஒரு விரல் டிஎன்ஏவோட பள்ளத்துல நுழைஞ்சு, அதுல வரிசையா இருக்கற ஆறு எழுத்தைத் தடவிப் பார்க்கும். இன்னொண்ணு ஜோடி சேர உதவும்."

"ஜோடியா?"

"ரெண்டு ரிசப்டர் சேர்ந்துதான் உக்காரும். ஆளுக்கு ஆறு எழுத்து, நடுவுல மூணு எழுத்து இடைவெளி. அந்த இடைவெளி மாறினாச் சரியா உக்காராது. அவ்வளவு கறாரான புரதம். நாம துத்தநாகத்தையே உருவிட்டு, ஏன் பிடிக்கலைன்னு அதைத் திட்டிட்டு இருக்கறோம்."

"அப்ப தப்பு என் மேலதானுங்களா?"

"சார் சொன்னாரு, நீங்க போட்டீங்க. இடிடிஏ என்ன செய்யும்னு படிச்ச நான் ஒரு நாளும் வாளியை எட்டிப் பார்க்கலை. யாரு மேலங்ணா போடறது?"

அந்த வாளியைக் கொட்டினேன். கவிதா புதுப் புரதம் எடுத்தார். இடிடிஏ இல்லாத பஃபரில் துத்தநாக உப்பு துளியளவு சேர்த்து ஊறவிட்டோம். மீட்டிங்குக்கு முந்தின நாள் ஜெல் ஓட்டினார். சரியான எழுத்துகள் உள்ள டிஎன்ஏ ஒரு பக்கம், எழுத்து மாற்றிய டிஎன்ஏ இன்னொரு பக்கம். சரியானதில் பேண்டு மேலே நின்றது. மாற்றியது பழையபடி கீழே போய்விட்டது.

"உக்காந்துருச்சுங்ணா!" என்று கத்தினார். பக்கத்து லேபிலிருந்து ஓடிவந்து பார்த்தார்கள்.

மீட்டிங்கில் கவிதா நடந்ததைச் சொல்லி முடித்திருந்தார்; நான் டீ கொண்டுபோய் வைத்தபோது, புரொஃபசர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மாதேசா, இடிடிஏ போடச் சொன்னது நான்தான்பா. கழுவறதைப் பத்திச் சொன்னதை மனசுல வச்சுக்காதே." பரவாயில்லை சார் என்று சொல்ல நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒன்றைக் காக்கிற பொருள் இன்னொன்றைக் கெடுக்கும் என்பதை அந்த வாளியில் கற்றேன். இப்போது யார் பஃபர் கேட்டாலும், "உங்க புரதத்துல உலோகம் உண்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டிலைத் தொடுகிறேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் யோசிப்பார்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் காது சூடாகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.