அண்ணன் பேசிய ஏழு நிமிடங்கள்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை எழுத வேண்டியவள் அவருடைய ஒரே மகள் தமிழரசி. நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன் என்பதால் விவரங்கள் பிசகாது என்று, தம்பியாகிய என்னை எழுதச் சொன்னாள். ஒரு விவரம் என் டைரியிலேயே பிசகாக இருக்கிறது. அதையும் இங்கே திருத்திவிடுகிறேன்.

அண்ணன் ஆண்டிமடத்தை அடுத்த சிற்றூரில், முந்திரிக் கொல்லையில் கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். நான் படிக்க வேண்டும் என்பதற்காகப் பத்தாம் வகுப்போடு நின்று லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு ஓட்டுநராகி, அரியலூர்ப் பக்கம் பதினாறு ஆண்டுகள் சுண்ணாம்புக்கல் ஏற்றினார். நாற்பத்தோராம் வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதுகளும் போயின. அடுத்த ஆண்டு அண்ணி மறைந்தார். அப்போது தமிழரசிக்குப் பத்து வயது. திருமணம் செய்துகொள்ளாத நான் அவர்களோடு வந்து தங்கினேன்.

அரியலூர்ப் புறவழிச்சாலை ஓரத்தில் அண்ணன் பஞ்சர் கடை வைத்தார். எதிரில் நின்று மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மற்றதற்கெல்லாம் தமிழரசிதான். போன் வந்தால் அவள், வங்கிக்கு அவள், மருத்துவரிடம் அவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் திருச்சியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. "அப்பாவுக்கு யாரு சித்தப்பா போன் பேசுவா?" என்று கேட்டுவிட்டு அவளே போகாமல் இருந்துவிட்டாள். அண்ணன் போகச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதை அவர் தன் குற்றமாகவே கடைசிவரை வைத்திருந்தார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அரும்பாவூரில் நல்ல இடம் அமைந்தது. பெரம்பலூர் மண்டபத்தில் திருமணம். தாலி கட்டியதும் பெரியவர்கள் மேடையேறி வாழ்த்திப் பேசுவது நம் குடும்பங்களில் வழக்கம். பெண்ணைப் பெற்றவர் கைகூப்பி நிற்பதோடு சரி. திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே, அண்ணன் தானும் பேசப்போவதாகச் சொன்னார்.

எங்கள் பெரியப்பா மகன் என் பக்கம் திரும்பி, "காது கேக்காத மனுசன் மைக்கப் புடிச்சா எறங்கத் தெரியாதுடா. பந்தியில சோறு ஆறிடும்" என்றார்.

அண்ணன் அவர் உதட்டைப் பார்த்துவிட்டார். "உன்ன மாதிரி ஊர்க்கதை பேச மாட்டேன். ஏழு நிமிசம்தான். தம்பி வாட்ச்சப் பாத்துக்குவான்" என்றார்.

ஒரு மாதம் தயார் செய்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, அடித்துத் திருத்தி, ஐந்து பக்கமாக நகல் எடுத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பாதி மூடிவிட்டுப் பேசிப் பார்ப்பார். தன் குரல் எவ்வளவு சத்தம் என்பது அவருக்குத் தெரியாது. அதனால் எதிரில் நிற்கும் நான் கையை உயர்த்தினால் சத்தம் கூட்ட வேண்டும், தாழ்த்தினால் குறைக்க வேண்டும், உள்ளங்கையை நேராகக் காட்டினால் சரி என்று ஏற்பாடு செய்துகொண்டோம். முதல் நாள் பக்கத்து டீக்கடைக்காரர் ஓடி வந்தார்.

"என்னங்க சார், அண்ணன் தம்பிக்குள்ள எதுவும் பிரச்சினையா?"

"பொண்ணு கல்யாணத்துல பேசப் போறேன்யா" என்றார் அண்ணன்.

"இதே சத்தத்துல பேசினா மாப்ள அரும்பாவூருக்கே திரும்பிடுவாருண்ணே."

அண்ணன் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பேச்சில் வாழ்த்தும் நன்றியும் போக, ஒரு கோரிக்கை இருந்தது. தமிழரசியை மறுபடி நர்சிங் படிக்க அனுப்ப வேண்டும் என்று சம்பந்தியிடம் கேட்பது. தனியாகக் கேட்டுவிடலாமே என்றேன். "வூட்டுக்குள்ள கேட்டா கெஞ்சுற மாதிரி இருக்கும். சபையில கேட்டா அதுக்கு ஒரு மதிப்பு இருக்குடா" என்றார். ஒரு மாதமும் அவர் பேசிப் பழகியது அதற்காகத்தான்.

திருமணத்தன்று அவர் மைக்கைப் பிடித்தபோது காலை 9.42. நான் மேடைக்குக் கீழே நேர் எதிரில் நின்றேன். வணக்கம் சொல்லி முடித்து, இரண்டாவது வரியில் மைக் நின்றுவிட்டது. மைக் செட்காரர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார். அதே நேரத்தில் இரண்டாம் பந்திக்கு அழைத்தார்கள். பாதிக் கூட்டம் எழுந்தது. மேடையில் மொய்க் கவரோடும் பரிசுகளோடும் மணமக்களைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். அண்ணன் என் கையை மட்டுமே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

நான் அவரை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவர் கூசிப்போவார் என்று நினைத்தேன். அடுத்த நொடி மைக் வந்துவிடும் என்றும் நினைத்தேன். உள்ளங்கையை நேராகவே காட்டிக்கொண்டிருந்தேன். கோரிக்கையை அவர் சொன்னபோது, அந்த இரைச்சலில் அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

கடைசி வரிக்கு மைக் உயிர் பெற்றது. "எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்பது மட்டும் மண்டபம் முழுவதும் கேட்டது. கூட்டம் சிரித்துக் கைதட்டியது. சம்பந்தியும் கைதட்டினார். அண்ணன் அதைப் பார்த்தார்.

கீழே இறங்கியதும், "நல்லாக் கேட்டுச்சாடா?" என்றார்.

"கேட்டுச்சுண்ணே."

அன்றைய டைரியில், 'அண்ணன் பேச்சு, 7 நிமிடம், நன்று' என்று எழுதியிருக்கிறேன். பிசகு என்று சொன்னது இதுதான்.

கல்லூரி சேர்க்கைக் காலம் வந்தது. அரும்பாவூரிலிருந்து படிப்பைப் பற்றிப் பேச்சே வரவில்லை. "கையத் தட்டுனாருல்ல? நீயும் பாத்தல்ல? அப்புறம் ஏன் சேத்துவிடல?" என்று அண்ணன் கேட்டார்.

"நான் வேணா ஒரு தடவ கேட்டுப் பாக்கட்டுமாண்ணே?"

"வேணாம். சபையில சொன்னத மறுபடி கேட்டா, செய்யலன்னு குத்திக் காட்டுற மாதிரி ஆயிடும். பொண்ணு அங்க வாழணும்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்த ஏழு நிமிடமும் நான் காட்டிய கை பொய் என்று ஆகிவிடும். சொல்லவில்லை. அதன் பிறகு அண்ணன் அரும்பாவூர் விசேஷங்களுக்குப் போனாலும் கை நனைக்காமல் திரும்பினார். பேரன் பிறந்தபோதும் அப்படித்தான். சம்பந்தி என்னிடம் இருமுறை கேட்டார். "ஏங்க, உங்க அண்ணனுக்கு எங்க மேல ஏதும் வருத்தமா? சொன்னா நாங்க சரி பண்ணிக்குவோம்ல?" அவர் சுபாவமே அப்படித்தான் என்று நான் பதில் சொன்னேன்.

சென்ற ஆண்டு பெரம்பலூர் மருத்துவமனையில் பதினோரு நாட்கள் இருந்தார். ஒன்பதாம் நாள் மாலை, "பெரிய எடம், நம்ம பேச்ச மதிக்கல போல" என்றார். நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவர் என் உதட்டைப் பார்க்காதபடி நின்றுகொண்டேன். பதினோராம் நாள் அண்ணன் மறைந்தார். அவருடைய வயது ஐம்பத்தேழு.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பதினோரு நாளும் கடையைப் பார்த்துக்கொண்ட டீக்கடைக்காரருக்கும், இறுதிச் சடங்குக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. முன்னால் நின்று தோள் கொடுத்தவர் சம்பந்தி. அவர் மீது அண்ணன் கொண்டிருந்த வருத்தத்துக்கு அவர் காரணமல்ல. நான்தான் காரணம்.

இதை அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று சிலர் நினைக்கலாம். அண்ணன் சபையில்தான் சொல்ல விரும்பினார். அன்று மண்டபத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இன்று இங்கே இருக்கிறீர்கள். நகலில் இருந்தபடி அல்லாமல், மேடையில் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"சம்பந்தி ஐயாகிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். பன்னெண்டு வருசமா எனக்குக் காதா இருந்தது எம் பொண்ணு. அதுல அவ படிப்பு போச்சு. தப்பு என்னுது. அவள நீங்க நர்சிங் படிக்க அனுப்பணும். போறியாம்மான்னு அவளக் கேக்காதீங்க. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவா. நீங்களா அனுப்பி வையுங்க."

சம்பந்தி அவர்களே, அண்ணன் உங்கள் பதிலுக்காக மூன்று ஆண்டுகள் காத்திருந்தார். அதை இனி என்னிடம் சொல்லலாம். அரியலூரில் அதே வீட்டில்தான் இருக்கிறேன். மாலை ஐந்தரைக்குமேல் வெளியே எங்கும் போவதில்லை.