பின்னட்டையில் நாலு வரி

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டியதும் வரும் காபிக் கடை ஒன்றில், ஜன்னலோரத்து அலமாரியில் ஒரு பெரிய படப் புத்தகம் இன்னும் இருக்கிறது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். திருப்பினால் பின்னட்டையில் நான் எழுதிய பாராட்டு நாலு வரி. உள்ளே நாற்பத்தோராம் பக்கத்தில் என் மனைவி. அந்த நாலு வரியும் அந்தப் பக்கத்துப் படத்தைப் பற்றியதுதான். எழுதும்போது அது அவள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துதான் எழுதியிருக்கிறேன் என்று அவள் ஒரு வாரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தாள்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். திருவண்ணாமலையில் அதற்கு ஒரு தனிப் பயன் உண்டு. இங்கே வருகிற வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் கண்ணை மூடி உட்காருவார்கள். மீதிப் பேர் கேமராவோடு அலைவார்கள். அலைகிறவர்கள் மூன்று குளிர்காலம் வந்து போனால் நாலாவது குளிர்காலத்தில் புத்தகம் போட்டுவிடுவார்கள். மலை, மலைமேல் மேகம், காவித் துணி, விபூதி, தூங்கும் நாய், டீ ஆற்றும் கை. கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாமியார்களுக்கே இப்போதெல்லாம் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும். கேமராவைக் கண்டால் தாடியை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இந்தப் புத்தகங்களுக்கெல்லாம் வெளிநாட்டில் ஒருவர் முன்னுரை எழுதுவார், டில்லியில் ஒருவர் பாராட்டு எழுதுவார். அப்புறம் ஓர் உள்ளூர்க் குரல் வேண்டும். அந்தக் குரல் நான். சென்னையிலிருந்து பதிப்பகத்துப் பெண் போன் செய்வார். "சார், நாலு வரி போதும் சார். உங்க ஊர்க்காரங்க சார்பா." ஊர்க்காரர்கள் யாரும் என்னை நியமிக்கவில்லை. அவர்களுக்கு இப்படி ஒரு புத்தகம் வந்ததே தெரியாது.

நாலு வரிக்கு என்னிடம் ஓர் அச்சு இருந்தது. முதல் வரியில் ஒளி. இரண்டாவதில் மௌனம். மூன்றாவதில் ஏதாவது ஒரு படத்தைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும், அப்போதுதான் புத்தகத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். நாலாவது வரியை மட்டும் நான் மாற்றுவதே இல்லை: "தினமும் பார்த்துக்கொண்டிருந்தும் நாங்கள் பார்க்காமல் விட்டதை இந்தப் புத்தகம் எங்களுக்குக் காட்டுகிறது." ஆங்கிலத்தில் இது இன்னும் நன்றாக இருக்கும். இந்த வரி ஏழெட்டுப் புத்தகங்களின் முதுகில் இருக்கிறது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பின்னட்டைகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கிற பைத்தியம் யாருக்கும் இல்லை என்ற தைரியம்தான்.

சன்மானம் என்று எதுவும் கிடையாது, ஒரு பிரதி அனுப்புவார்கள். காபி மேசைப் புத்தகம் என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டில் காபி மேசை இல்லை. என் மனைவி தன் காட்டன் புடவைகளை மடித்து, மடிப்பு நிற்பதற்காக அந்தப் புத்தகங்களை மேலே அடுக்கி வைப்பாள். தேசங்கடந்த கலைக்கு எங்கள் வீட்டில் கிடைத்த மரியாதை அதுதான். நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வேன். அவள் பதில் சொல்ல மாட்டாள். கீழ்பென்னாத்தூரில் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முந்நூறு பிள்ளைகளின் கூச்சலுக்கே பதில் சொல்லாமல் காலம் தள்ளியவளுக்கு நான் எம்மாத்திரம்.

ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பாள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கேட்பாள்.

"முழுசா பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்பேன்.

அவள் நம்பிவிடுவாள். விடைத்தாளின் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்க்காமல் மார்க் போடாதவள். புருஷனும் அப்படித்தான் இருப்பான் என்ற நினைப்பு.

வெளியில் இப்படித் தாராளமாகப் பாராட்டுகிறவன் வீட்டில் மகா கறார். சாம்பாரில் புளி ஜாஸ்தி, காபியில் டிகாஷன் கம்மி, எதையும் விட மாட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தாராம். பிழைத்து வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், பேங்கில் வேலை இருக்கிறது என்று காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் போனாள். ஒன்பதரைக்குத் திரும்பி வந்தாள். பேங்க் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அன்று மத்தியானம் சாதம் ஒரு பருக்கை குழைந்தும் ஒரு பருக்கை நறுக்கென்றும் இருந்தது. சிவப்பரிசி வேறு ஊடே ஊடே தென்பட்டது. விமர்சகனுக்குப் பொறுக்குமா? எந்தக் கடையில் இந்தக் குப்பையை வாங்கினாய், தலைமை ஆசிரியையையே ஏமாற்றிவிட்டானே என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் தட்டைத் திரும்ப என் பக்கம் நகர்த்தி, "ரெண்டு வாய் மட்டும் சாப்டுங்க" என்றாள். வேண்டாவெறுப்பாக ரெண்டு வாய் சாப்பிட்டேன். அவ்வளவுதான், அதை மறந்துவிட்டேன்.

போன வருஷம் அந்தப் புத்தகம் வந்தது. கிரிவலப் பாதையில் நடக்கிறவர்களின் கைகளும் கால்களும் மட்டும். முகமே கிடையாது. எடுத்தவர் ஐரோப்பியப் பெண்மணி, அறுபதுக்கு மேல் வயது, மெல்லப் பேசுகிறவர், நல்லவர். பதிப்பகம் படங்களை என் போனுக்கு அனுப்பியது. மாதாந்திரப் பரிசோதனைக்காக டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபோது அதைத் திறந்தேன். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் எண்ணைக் கூப்பிடுகிறார்களா என்று என் மனைவி பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் கட்டைவிரலால் படங்களைத் தள்ளித் தள்ளி விட்டேன். ஒரு படத்தில் விரல் நின்றது. முந்தானையை விரித்து ஏந்திய இரண்டு கைகள், அதில் கொஞ்சம் அரிசி. கீழே 'பசி' என்று தலைப்பு. முகமில்லாத படத்தைப் பாராட்டுவதில் ஒரு சௌகரியம், நாளைக்கு யாரும் வீட்டு வாசலில் வந்து சண்டைக்கு நிற்க மாட்டார்கள். அங்கேயே எழுதி அங்கேயே அனுப்பினேன். எங்கள் எண் வருவதற்குள் வேலை முடிந்தது.

வெளியீட்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் அழைப்பிதழ் வந்தது. முன்பக்கத்தில் அந்தக் கைகள். கீழே, பாராட்டுரை வாசிப்பவர் என்று என் பெயர். நான் பார்த்தது என் பெயரை. அவள் அழைப்பிதழை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் வைத்திருந்தாள்.

"முழுசா பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இந்தப் படத்தையும்?"

"அதப் பத்திதான் எழுதியே இருக்கேன். புத்தகத்துலயே அதுதான் பெஸ்ட்டு."

"அப்படியா?" என்றாள். அப்புறம், "நானும் வரேங்க" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் என் கூட்டம் எதற்கும் அவள் வந்ததில்லை. கடைசியில் என் எழுத்தின் அருமை தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் பேசிய பேச்சில் ஒரு கூச்சம் இருந்தது. புதிதாகக் கல்யாணமானவள் மாதிரி இரண்டாவது காபியைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்தாள். அதையும் என் இலக்கியத்தின் கணக்கில்தான் சேர்த்தேன்.

விழா சாயங்காலம், அந்தக் காபிக் கடை முற்றத்தில். நாற்பது நாற்காலி, பாதிக்கு மேல் வெள்ளைக்காரர்கள், இலவசமாக எலுமிச்சைப் புல் டீ. என் மனைவி மூன்றாவது வரிசையில் சாம்பல் நிறப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்தேன்.

"இந்தப் படங்களில் ஒளி நடக்கிறது. மௌனம் பேசுகிறது. விரித்த முந்தானையில் இருப்பது அரிசி அல்ல, தலைமுறைகளின் பசி. முகத்தையும் மானத்தையும் இழந்துவிட்ட வறுமையின் கடைசிக் கையேந்தல். தினமும் பார்த்துக்கொண்டிருந்தும் நாங்கள் பார்க்காமல் விட்டதை இந்தப் புத்தகம் எங்களுக்குக் காட்டுகிறது."

கைதட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அவள் தட்டவில்லை.

அடுத்து அந்தப் பெண்மணி, வெள்ளைச் சுவரில் படங்களைப் பெரிதாக்கிக் காட்டினார். நாற்பத்தோராம் படம் சுவர் அளவுக்கு வந்தபோதுதான் அதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஏந்திய இடது கை மணிக்கட்டில் ஒரு கடிகாரம். எனக்கு முதலில் வந்தது விமர்சகனின் பயம்தான்: மானமிழந்த வறுமை என்று வாசித்துவிட்டோமே, கடிகாரம் கட்டியிருக்கிறதே! அதன் முகப்பு மணிக்கட்டின் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் தூள் படக்கூடாது என்று அப்படிக் கட்டிப் பழகியவர்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். மணி எட்டாகக் கால் மணி இருந்தது. முந்தானை சாம்பல் நிறம்.

அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடி அண்ணாமலையில் ஒரு வீட்டு வாசலில் இந்தப் பெண்ணைப் பார்த்தாராம். மனசு கேட்காமல் முந்தானையில் ஒரு நோட்டைப் போட்டாராம். அவள் அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்து, ஆங்கிலத்திலேயே, "ஒன்லி ரைஸ், ப்ளீஸ்" என்றாளாம். பணத்தைக்கூட வேண்டாம் என்கிற அளவுக்குப் பசி! அதனால்தான் அந்தத் தலைப்பு வைத்தேன் என்றார். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். மடிப்பிச்சை என்று ஒன்று உண்டு, வீட்டில் ஓர் உயிர் பிழைத்தால் முந்தானை ஏந்தி அரிசி வாங்கிச் செலுத்துகிறேன் என்று பெண்கள் வேண்டிக்கொள்வார்கள், வீட்டில் மூட்டை அரிசி இருந்தாலும் ஊர் வாசலில் போய் நிற்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தானே உள்ளூர்க் குரலை வைத்திருந்தார்கள்.

யாரோ எழுந்து, இந்த ஊர்க்காரராக இந்தப் படம் உங்களுக்கு என்ன சொல்கிறது என்று என்னிடம் கேட்டார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். நான் மறுபடி ஒளியைப் பற்றி ஏதோ சொன்னேன். அத்தனை அவமானமாக என் வாழ்நாளில் நான் பேசியதில்லை. அதற்கும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, புத்தகத்தை மடியில் வைத்து நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு. அந்தம்மா நல்லா எடுத்துருக்காங்க. நீங்க எழுதினதுதான் சரியில்ல."

என் எழுத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான மதிப்புரை அது.

"தெரிஞ்சுதான் எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "கார்டுல பாத்ததுமே எங் கைதான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்க என்னாடான்னா பெஸ்ட்டு படம்னு சொல்றீங்க. சரி, மனுஷன் கண்டுபிடிச்சிட்டாரு, வாயால சொல்ல வெக்கப்பட்டுக்கினு எழுதி வெச்சிருக்காருன்னு நெனச்சேன். அதக் கேக்கத்தான் வந்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொல்லியிருந்தா கிண்டல் பண்ணுவீங்க. இல்லன்னா அதையும் ஒரு கட்டுரை ஆக்கிடுவீங்க."

எந்த வீடுகளில் கேட்டாய், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். இரண்டு வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வி.

"கீழ்பென்னாத்தூர்ல கேட்டா எங்கிட்ட படிச்ச புள்ளைங்க பாத்துடும். அதான் அடி அண்ணாமலைக்குப் போனேன். எல்லா வீட்லயும் ஒன்னுதான் கேட்டாங்க, யாருக்கும்மா ஒடம்பு சரியில்லன்னு. வூட்டுக்காரருக்குன்னேன். ஒருத்தி உள்ள போயி இன்னொரு படி எடுத்தாந்து போட்டா."

புத்தகத்தை மூடி, புடவை அடுக்கின் மேல் வைத்தாள். விளக்கை அணைக்கப் போனவள் திரும்பி நின்றாள்.

"அன்னிக்கு சாதம் ஒரு பருக்க வெந்துருக்கு, ஒரு பருக்க வேகலன்னு தட்டத் தள்ளுனீங்களே. பதினோரு வீட்டு அரிசிங்க அது. அப்படித்தான் வேகும்."