சாமி ஏறாத தூம்பா

எங்கள் கோயில் பின்னறையில் இருக்கும் தூம்பாவுக்குள் இப்போது திருவிழா சீரியல் பல்புகளைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இறந்தவரைக் கோயிலுக்கும் அங்கிருந்து கல்லறைக்கும் தூக்கிப்போகப் கத்தோலிக்கப் பங்குக்கு, அதாவது கோயிலைச் சேர்ந்த குடும்பங்களுக்கு, பொதுவாக இருக்கும் பெட்டிதான் தூம்பா. உடலை மண்ணில் இறக்கியதும் பெட்டி மட்டும் திரும்பி வந்துவிடும். போன வாரம் பல்புகளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உள்ளே பார்த்தேன். நான் விரித்த வெள்ளைத் துணி அப்படியே கிடந்தது. நிறம் பழுத்துவிட்டது, ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. அதில் படுத்திருக்க வேண்டியவர் எங்கள் சாமி, பங்கின் பழைய குருவானவர்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பங்குக்கு அவர் ஒரு துறவு மடத்திலிருந்து வந்தார். காபிப்பொடி நிறத்தில் அங்கி, இடுப்பில் மூன்று முடிச்சுப் போட்ட வெள்ளைக் கயிறு. அங்கியை முழங்கால்வரை சுருட்டிச் செருகிக்கொண்டு மொபெட்டில் சுந்தரபாண்டியம், மகாராஜபுரம் என்று நோயாளிகளுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்கப் போவார். பிரசங்கம் அவருக்குச் சுத்தமாக வராது. ஆரம்பித்த இடத்துக்கே சுற்றி வந்து முட்டிக்கொண்டு நிற்பார், நாங்கள் முந்தானைக்குள் சிரிப்போம். கோபமும் பொசுக்கென்று வரும். ஆனால் சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார அவரைப் போல ஒரு ஆள் கிடையாது. எண்ணெய் பூசி முடித்ததும் கிளம்பிவிட மாட்டார். எச்சில் துடைப்பார், ஈ ஓட்டுவார், அந்த வீட்டில் என்ன கஞ்சி உண்டோ அதைக் குடிப்பார். காலனி வீடுகளில் அதற்குமுன் எந்தச் சாமியும் கஞ்சி குடித்ததில்லை.

அவர் வந்த புதிதில் அப்பா இறந்தார். தறிப் பஞ்சு நெஞ்சில் அடைத்து, இருமி இருமியே போனார். அண்ணன் தூம்பா கேட்கச் சாமி குடியிருக்கும் பங்களாவுக்கு ஓடினான். எங்கள் பங்கில் தூம்பா இரண்டு. மேலத்தெருக்காரர்களுக்குத் தேக்கில், பித்தளைச் சிலுவை வைத்தது, கோயில் பின்னறையில். காலனிக்காரர்களான எங்களுக்குக் கல்லறைத் தோட்டத்துத் தகரக் கொட்டகையில் ஒரு பலகைப் பெட்டி. ஏசுவுக்கு முன்னால் எல்லோரும் ஒன்று, ஏசுவிடம் போகிற பெட்டி மட்டும் சாதிக்கு ஒன்று. நல்ல நியாயம்! இதைப் புதுச் சாமிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும் என்று மேலத்தெரு நினைத்திருந்தது. அவரோ பின்னறைச் சாவியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்து, எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அது மேலத்தெருப் பெட்டி என்று சொல்லாமலே அண்ணன் போய்த் தேக்குத் தூம்பாவை எடுத்து வந்தான். அப்பா உயிரோடு இருந்தவரை தொடமுடியாத பித்தளைச் சிலுவைக்குக் கீழே படுத்துக்கொண்டு மேலத்தெரு வழியாகப் போனார்.

அடக்கம் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, மேலத்தெருக்காரரான பங்குப் பேரவைத் தலைவர் ஆட்களோடு பங்களாவுக்குப் போனார். சாமி தெரியாமல் செய்துவிட்டதாகப் பூசையில் சொல்ல வேண்டும், தீர்த்தம் தெளித்துத் தூம்பாவைப் புதிதாக மந்திரித்துத் தர வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள், பணிவாகத்தான் கேட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சாமி தம் வாழ்நாளில் முட்டாமல் மோதாமல் ஒரு பிரசங்கம் வைத்தார்.

"தெரியாமத்தான் குடுத்தேன். தெரிஞ்சிருந்தாலும் அதத்தான் குடுத்திருப்பேன். நான் செத்தா என்னையும் அதுலதான் தூக்கணும்."

அன்று சாயந்திரமே பலகைப் பெட்டியைக் கொத்தி எரித்துவிட்டார். ஆனால் தேக்குத் தூம்பாவில் அதற்குப்பின் யாரும் ஏறவில்லை. மேலத்தெரு, ராஜபாளையத்திலிருந்து கண்ணாடிப்பெட்டி வைத்த வண்டியை வரவழைக்க ஆரம்பித்தது. அண்ணனுக்கு மேலத்தெருக்காரரின் தறிக்கூடத்தில் இருந்த வேலை போயிற்று. அதைப் பார்த்தபின் காலனியில் யாருக்கும் சாவி கேட்கத் தைரியம் வரவில்லை, நாங்களும் கடன் வாங்கி வாடகை வண்டியே சொன்னோம். சாமியையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அம்மா மட்டும் நம்பிக்கையை விடவில்லை. "சாமி ஒரு தடவ அதுல ஏறிட்டா, பொறவு எவனும் வாயத் திறக்க முடியாது. நானும் உங்கப்பா போன பெட்டியிலயே போயிருவேன்" என்பாள். ஒரு நல்ல மனிதர் எப்போது சாவார் என்று அவர்மேல் உயிரையே வைத்திருந்த ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். என்ன பிழைப்பு இது.

வெகுகாலம் கழித்து மடத்தில் சாமி இறந்தார். எங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே புதைக்கச் சொல்லியிருந்தாராம். நானும் அம்மாவும் தூம்பாவைக் கழுவித் துடைத்தோம். நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து நல்ல துணியாக வாங்கிவந்து விரித்தேன். கோயில் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றோம். மேலத்தெருக்காரர்கள் பூவால் மூடிய கண்ணாடி வண்டியில் சாமியைக் கொண்டுவந்தார்கள். அம்மா குறுக்கே போய் நின்றாள்.

"அவிய இதுலதான் போவேன்னு சொன்னாவளே, அய்யா."

பேரவைத் தலைவர் அழுதுகொண்டிருந்தார். பொய்யழுகை இல்லை. "அவிய எம்புட்டுப் பெரிய ஆளு. பழைய பெட்டியில தூக்குனா ஊரு நம்மளக் காறித் துப்பாதா?" என்றார். பழசு என்பதால் மட்டும் இல்லை என்று அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அப்போதிருந்த பங்குச்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி அம்மாவைச் சுற்றிக்கொண்டு போயிற்று. சாமியை மரியாதையாகவே தோற்கடித்தார்கள்.

இப்போது அம்மா படுக்கையில் கிடக்கிறாள், கஞ்சித் தண்ணீர்தான் இறங்குகிறது. அதனால்தான் போன வாரம் பின்னறைக்குப் போனேன். பழைய துணியை உருவிவிட்டுப் புதுத்துணி விரித்தேன். வீட்டுக்கு வந்து அவள் காதருகே குனிந்து, தூம்பா தயாராக இருக்கிறது, யார் தடுத்தாலும் உன்னை அதில்தான் கொண்டுபோவேன் என்றேன். அம்மா கண்ணைத் திறந்தாள். என் மகன் இப்போது மேலத்தெருக்காரரின் தறிக்கூடத்தில் வேலைக்குப் போகிறான்.

"வேண்டாம் ஏட்டி. வண்டியவே சொல்லிரு. நான் போயிருவேன், நீங்க இங்கதான இருக்கணும்."