தேதி வராத கழிப்பறை

பகுதி சபை உறுப்பினராக நான் கை தூக்கியதற்குக் காரணம் பொதுநலம் இல்லை, எரிச்சல். வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் குறைகளையும் கவுன்சிலரிடம் எடுத்துச் சொல்ல, அங்கே குடியிருப்பவர்களிலேயே ஒருவர் வேண்டும் என்றார்கள். சம்பளம் கிடையாது. அயனம்பாக்கம் ஏரியோரம் இருக்கும் எங்கள் அடுக்ககத்தில் குறை சொல்ல எல்லோரும் உண்டு, கை தூக்க ஒருவரும் இல்லை. "உனக்குத்தான் வாய் நீளமாச்சே, நீயே போயேன்" என்றார் என் கணவர். போனேன்.

அடுக்ககத்தார் கேட்டது நடைபாதைக்கு விளக்கு. என் மனதில் இருந்ததோ தெருமுனையில் கீரை விற்கும் அக்கா. கீரை வாடாமலிருக்க நாளெல்லாம் தண்ணீர் தெளிப்பார். தன் வாயில் ஒரு சொட்டு விடமாட்டார். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகும் அப்படித்தான். ஒருநாள் திட்டியே விட்டேன்.

"டாக்டரும் தண்ணி குடின்னுதாம்மா சொல்றாரு. குடிச்சிட்டு எங்க போறது? ஊட்டுக்குப் போய்ட்டு வரதுக்குள்ள மாடு வந்து அல்லாத்தையும் துன்னுட்டுப் பூடும்" என்றார்.

இத்தனைக்கும் அவர் கடைக்கு எதிரிலேயே புதுக் கழிப்பறை ஒன்று இருந்தது. பெயின்ட் அடித்து, குழாய் மாட்டி, பூட்டும் போட்டிருந்தார்கள். திறந்துவைக்கப் பெரிய இடத்திலிருந்து தேதி வரவேண்டுமாம். கல்யாணத்துக்குச் சரி, கழிப்பறைக்குமா முகூர்த்தம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சபை கூடிய அன்று அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். பொன்னாடை போர்த்துவதிலேயே பாதி நேரம் போயிற்று. வாழ்த்திப் பேசி முடிக்கவும் டீ வந்துவிட்டது. டீ வந்தால் கூட்டம் கலைந்தது என்றுதான் அர்த்தம். நாற்காலிகள் நகரத் தொடங்கின. நான் போய் டீ கேனை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"யாருக்கும் டீ கிடையாது. குடிச்சிட்டு எங்க போவீங்க?"

சிலர் சிரித்தார்கள். அக்காவின் கதையை மூடி மறைக்காமல் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவரை அவமானப்படுத்திவிட்டேனோ என்று தோன்றியது.

கவுன்சிலரும் பெண்தான்.

"வெளிய மீட்டிங்னா நானும் தண்ணி குடிக்காமதான் போறேன்" என்றார். பிறகு அலுவலகத்து ஆளைப் பார்த்து, "சாவி யாராண்ட கீது?" என்றார்.

"மேடம், தேதி இன்னும்…"

"அத்த நான் பேசிக்கறேன். நீ சாவிய எடுத்துகினு வா."

மொத்தக் கூட்டமும் கிளம்பியது. எங்கிருந்தோ சிவப்பு ரிப்பன் ஒன்றும் வந்துவிட்டது. நம் ஆட்களுக்கு அது இல்லாமல் முடியாது. பூட்டைத் திறந்து, வாசலில் ரிப்பனைக் கட்டினார்கள். கவுன்சிலர் கத்தரிக்கோலை அக்காவிடம் நீட்டி, "நீயே வெட்டுக்கா" என்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. படம் எடுக்க எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள்.

"அப்பால வெட்டிக்கலாம், இரும்மா" என்று சொல்லிவிட்டு, அக்கா ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நாங்கள் அத்தனை பேரும் வெளியே நின்றுகொண்டிருந்தோம்.